மின்னைச் சேமித்த ஆசிரியர் கஸ்தோன் பிளாந்தே

கல்லூரி மலர்களிலே பெரியோர் சரிதம் ஒன்று இடம்பெறுதல் நெடுநாளைய மரபாகும். சமய குரவர், புலவர், அரசியற் பெரியோர் ஆகியோரின் வரலாறுகள் நம் மலர்களிற் பலமுறை வந்துள்ளன. இம்முறை நாம் எடுத்துக்கொண்டவர் ஒரு விஞ்ஞான ஆசிரியர். மின்னியல் பயின்றோர் யாவரும் அறிந்த அவர் பெயரை ஏனையோர் அதிகங் கேட்டிரார். ஆயினும் அவர் ஆக்கிய பொருளின் பயனை நாள்தோறும் நுகராதார் நம்முள் மிகச் சிலரே. மோட்டார் வண்டியின் முன்மூடியைத் திறந்தால் ஒரு மூலையிற் கனத்த பெட்டியொன்று இருக்கக் காண்கின்றோம். நாம் பற்றறி என வழங்கும் அப்பெட்டியின் மூலத்தை முதன்முதல் ஆக்கியவர் பிரான்சு தேசத்துக் கஸ்தோன் பிளாந்தே என்பவர்.

இச்சரிதத்தை நாம் தெரிந்துகொண்டமைக்கு நம் நாட்டுப்புறத்தின் நிலையும் ஒரு காரணமாம். மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை நோக்கி வடக்கே செல்லும் பெருந்தெரு, ஓட்டமாவடியைக் கடந்தபின் மாங்கேணி, பனிச்சங்கேணி, வாகரை என்னும் ஊர்களினூடாகச் செல்கின்றது. கடலுக்கும் களப்புக்கும் அணித்தாக அமைந்த இவ்வூர்களிலே உப்புக்காற்றும் கடுவெயிலும் ஆண்டின் பெரும்பகுதியும் உண்டு. இங்கே நள்ளிரவில் ஒருவருக்கு நோய் மிகுந்தால் வாழைச்சேனைக்கோ மட்டக்களப்புக்கோ கொண்டு செல்ல வேண்டியதாகும். அவ்வேளையிலே வாசலில் நிற்கும் வண்டி இயங்க மறுத்தால் நேரும் இடர் சொல்லுந்தரமன்று. ஆதலால் பற்றறியின் இயல்பை அறிந்து பேணுதல் சாரதிமாருக்கு மாத்திரம் உரிய தொழிலறிவு என்று நாம் ஒதுக்கிவிடுதல் தகாது.

இளமையும் கல்வியும்

பிரான்சு தேசத்தின் தென்மேற்கிலே, பிரனீசு மலைக்கு அணித்தாக, ஓர்தேஸ் என்னும் சிற்றூர் உளது. அவ்வூரிலே 1834ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 22ஆந் திகதி கஸ்தோன் பிளாந்தே பிறந்தார். அவர் தம்பியாராகிய பிரான்சிசு பிளாந்தே பியானோ வாத்தியத்தில் ஒப்பற்ற வித்துவானாகி ஐரோப்பா எங்கும் புகழ்பெற்றவர். 95 ஆண்டு வாழ்ந்து 1934இல் மறைந்தவர். ஒரு குடும்பத்தில் ஒருவர் நாதத்தையும் ஒருவர் மின்னையும் ஆராதித்தனர் எனலாம்.

பாரிசு நகரிற் கல்வி கற்ற கஸ்தோன், 1854ஆம் ஆண்டிலே, தமது இருபதாவது வயதில், அந்நகரத்துக் கலைத்தொழிற் கழகத்திற் பௌதிகவியல் ஆய்வுகூட உதவியாளராக அமர்ந்தார். அங்கே பேராசிரியராக விளங்கியவர் எட்மன் பெக்கெரெல் என்னும் பேரறிஞர். விரிவுரைக்கு வேண்டிய கருவிகளை முன்கூட்டி ஒழுங்கு செய்தல், கம்பிகளைப் பூட்டுதல், அமிலத்தை அளந்து கலத்தல், விரிவுரை முடிந்தபின் யாவற்றையுங் கழுவி வைத்தல் என்பன இத்தகைய உதவியாளர் செய்யும் பணிகள். புகழுக்கு இடந்தராத பணியேயெனினும் கைப்பழக்கமும் கூர்ந்து நோக்கும் வழக்கமும் அதனால் வரும். பிளாந்தேயின் பிற்கால வெற்றிக்கு வித்திட்டவை அவ்விரண்டுமேயாம்.

அவ்விளைஞரின் கண் எத்துணைக் கூரியது என்பதற்கு ஒரு சான்று உளது. 1855ஆம் ஆண்டிலே பாரிசுக்கு அருகான மெதோன் என்னுமிடத்தில் மண்ணுட் புதைந்து கல்லாய்க் கிடந்த பேரெலும்புகளை அவர் கண்டெடுத்தார். அவை பன்னெடுங் காலத்துக்கு முன் வாழ்ந்து மறைந்த, பறக்கமாட்டாத பெரும் பறவையொன்றின் எச்சங்கள். அப்பறவைக்கு அறிஞர் இவர் பெயரையே தழுவிக் கஸ்தோர்னிஸ் எனப் பெயரிட்டனர். இருபத்தொரு வயதிலே தம் பெயரை உயிரியல் நூலில் நிலைநாட்டிய ஒருவர் அவ்வழியே சென்றிருத்தல் கூடும். அவரோ தமது மின்கலங்களிடமே திரும்பினார்.

ஈயத்தின் இரகசியம்

வோல்ற்றா என்னும் இத்தாலிய அறிஞர் 1800ஆம் ஆண்டில் மின்னடுக்கை வெளியிட்ட நாள்முதல் மின்னோட்டம் விஞ்ஞானிகளுக்குக் கைவந்தது. ஆனால் அக்கலங்கள் தம்முள் உள்ள உலோகத்தை உண்டே மின்னைத் தந்தன. உலோகங் கரைந்ததும் அவற்றின் ஆயுளும் முடிந்தது. ஒருமுறை தீர்ந்த கலத்தை மீளவும் நிரப்பும் வழி வேண்டப்பட்டது. செருமானிய அறிஞர் ரிற்றர் 1803ஆம் ஆண்டளவில் இதற்கான குறிப்பைக் கண்டார். சின்ஸ்தெடன் என்பவர் 1854இல் ஈயத்தகடுகளை அமிலத்தில் இட்டுச் சோதித்தார். எனினும் பயன்படத்தக்க கருவியாக அஃது உருப்பெறவில்லை.

பிளாந்தே 1859ஆம் ஆண்டில் இத்துறையிற் புகுந்தார். பல்வேறு உலோகங்களை ஒவ்வொன்றாக எடுத்து, நீர் கலந்த கந்தகவமிலத்தில் அமிழ்த்தி, அவற்றினூடே மின்னைச் செலுத்தினார். செலுத்துதலை நிறுத்தியதும் அவை எதிர்த்திசையில் எவ்வளவு மின்னை, எவ்வளவு நேரம் திருப்பித் தருகின்றன என்பதை அளந்தார். விலையுயர்ந்த உலோகங்கள் பல இருக்க, எல்லாவற்றையும் வென்றது எளிய ஈயமே. உடனே இரண்டு நீண்ட ஈயத்தகடுகளை எடுத்து, ஒன்றோடொன்று தொடாதவாறு இடையே இறப்பர் நாடாக்களை வைத்து, பாயைச் சுருட்டுமாறு சுருட்டிக் கண்ணாடிக் கலத்தில் அமிலத்துள் நிறுத்தினார். சிறிய இடத்திற் பெரும் பரப்பு கிடைத்தது. 1860ஆம் ஆண்டிலே இத்தகைய ஒன்பது கலங்கள் கொண்ட அடுக்கொன்றைப் பாரிசு விஞ்ஞானக் கழகத்தின் முன் வைத்துக் காட்டினார். உலகின் முதலாவது சேமிப்புக்கலவடுக்கு அதுவே.

அக்கலத்துள் நிகழ்வதை மாணவர் அறிந்துகொள்ளுதல் நன்று. மின்னேற்றிய நிலையில் நேர்த்தகட்டின் மேல் ஈயவீரொட்சைட்டும், எதிர்த்தகட்டில் தூய ஈயமும் இருக்கும். மின்னை வெளியே எடுக்குங்கால் அமிலத்தின் ஒரு பகுதி இரு தகடுகளிலும் படிந்து ஈயச்சல்பேற்றாக மாறும், அமிலமோ நீர்த்துப்போகும். மீளவும் மின்னேற்றினால் அப்படிவு நீங்கித் தகடுகள் பழைய நிலையை அடைய, அமிலமும் வலுப்பெறும். போக்கும் வரவும் ஒரே வழியில் நிகழ்தலே இதன் சிறப்பு.

ஆயினும் ஓர் இடர்ப்பாடு நின்றது. புதிய ஈயத்தகட்டின் மேற்பரப்பு மழமழப்பானது. அது கொள்ளும் மின் சிறிதே. பிளாந்தே அதற்குக் கண்ட மருந்து பொறுமை. கலத்தை நிரப்புவார், வெறிதாக்குவார், மின்னைத் திசைமாற்றி நிரப்புவார், சிலநாள் ஓய்வில் விடுவார், மறுபடியும் நிரப்புவார். இவ்வாறு வாரங்களும் மாதங்களும் பயிற்றப் பயிற்ற, ஈயத்தின் மேற்பரப்பு கடற்பஞ்சு போல நுண்டுளை பெற்று மேலும் மேலும் மின்னைக் கொள்ளலாயிற்று. இதனை அவர் தகட்டை உருவாக்குதல் என வழங்கினார். அக்காலத்திற் கைக்கெட்டிய மின்பிறப்பாக்கி இல்லை. பன்சன் கலங்களை அமிலம் மாற்றி மாற்றி வைத்தே இத்தனையுஞ் செய்தார் எனின் அவர் உழைப்பை நாம் உய்த்துணரலாம்.

தொழிலாளர்க்கு ஆசிரியர்

1860ஆம் ஆண்டிலே பிளாந்தே, பொதுமக்கள் கல்வி வளர்ச்சிக்கான ஒரு சங்கத்திற் பௌதிகவியல் ஆசிரியரானார். இச்சங்கத்தின் தோற்றம் நம் பழைய மாணவர் யாவரும் கருதத்தக்கது. பாரிசிலுள்ள புகழ்வாய்ந்த பொறியியற் கல்லூரியொன்றின் பழைய மாணவர்கள் 1830ஆம் ஆண்டில் ஒன்றுகூடித் தாம் பெற்ற கல்வியைத் தொழிலாளருக்கும் இலவசமாக வழங்குதல் வேண்டுமென்று நிறுவியது அது. பழைய மாணவர் சங்கம் என்பது ஆண்டுக்கொரு விருந்தோடும் விளையாட்டுப் போட்டியோடும் அமைவதன்று என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ? பிளாந்தே அக்கல்லூரியின் மாணவர் அல்லர். எனினும் அவர்கள் ஏற்றிய விளக்கிலே தாமும் எண்ணெய் வார்த்தார்.

தம் ஆராய்ச்சிகளின் முறைகள் அனைத்தையும் 1879ஆம் ஆண்டில் மின்சார ஆராய்ச்சிகள் என்னும் பொருள்பட்ட நூலாக வெளியிட்டார். எண்ணூறு கலங்களைத் தொடராக இணைத்து, மேகத்து மின்னலையும் உருண்டை வடிவான மின்னலையும் ஒத்த தோற்றங்களை ஆய்வுகூடத்திலே உண்டாக்கி ஆராய்ந்தமை அவர் பிற்காலப் பணிகளுட் குறிப்பிடத்தக்கது.

இருபதாண்டுக் காலம் அவர் கலம் ஆய்வுகூடத்தையும் சில வைத்தியர்களின் கருவிகளையும் விட்டு அதிகம் வெளியேறவில்லை. 1881ஆம் ஆண்டிலே நிலைமை மாறியது. கமில் ஃபோர் என்னும் மற்றொரு பிரெஞ்சுக்காரர், ஈயவொட்சைட்டைக் குழைத்துத் தகட்டின்மேற் பூசிவிட்டால் மாதக்கணக்கான பயிற்றுதல் வேண்டியதில்லை என்று கண்டார். அவ்வாண்டிலேயே கலங்கள் தொழிற்சாலைகளில் ஆக்கப்படலாயின. அதே 1881இல் குஸ்தாவ் துரூவே என்பவர் பிளாந்தேயின் கலங்களை மூன்று சக்கர வண்டியொன்றில் ஏற்றிப் பாரிசுத் தெருவில் ஓட்டிக் காட்டினார். 1899ஆம் ஆண்டு ஏப்பிரல் 29ஆந் திகதி, மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தை முதன்முதலாகத் தாண்டிய வண்டியும் ஈயக்கலங்களால் இயங்கியதே. அதனைக் காணப் பிளாந்தே இருக்கவில்லை. 1889ஆம் ஆண்டு மே மாதம் 21ஆந் திகதி, தமது 55ஆவது வயதில், மெதோனைச் சேர்ந்த பெல்வியூவில் அவர் காலமானார். இளமையிற் பறவையின் எலும்பைக் கண்டெடுத்த அவ்வூரே அவர் இறுதி மூச்சு விட்ட இடமுமாயிற்று. சந்திரனின் மறுபக்கத்து வட்டக்குழி ஒன்று இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

மோட்டார் வண்டியும் பற்றறியும்

பெற்றோல் வண்டிகள் தோன்றிய காலத்தில் எஞ்சினை இயக்கக் கைப்பிடியைச் சுழற்ற வேண்டியிருந்தது. அது பின்னடித்துக் கைமுறிந்தார் பலர். அமெரிக்கராகிய சாள்ஸ் கெற்றரிங் அமைத்த மின்தொடக்கி 1912ஆம் ஆண்டுக் கடிலாக் வண்டியில் இடம்பெற்றது. நீண்டநேரம் ஓடவேண்டிய மோட்டாருக்கும் சில விநாடி மாத்திரம் முழுவலுவுடன் இழுக்கவேண்டிய மோட்டாருக்கும் உள்ள வேறுபாட்டை அவர் உணர்ந்தமையே இவ்வெற்றிக்குக் காரணம். சிறு மோட்டாரொன்றுக்குச் சிலநூறு அம்பியர் மின்னைச் சில விநாடிக்கு வழங்க ஈயக்கலம் போன்ற மலிவான சாதனம் வேறில்லை. அன்றுதொட்டு வண்டிதோறும் பற்றறி குடிபுகுந்தது.

இன்றைய பற்றறியுள் ஆறு கலங்கள் உள. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ற்றுத் தரும். எனவே முழுவதும் மின்னேறி ஓய்ந்திருக்கும் பற்றறி 12.6 வோல்ற்றளவு காட்டும். 12.4க்குக் கீழ் இறங்கிய நிலையிற் பலநாள் கிடந்தால் தகட்டிலுள்ள சல்பேற்று கடினமான பளிங்காக இறுகிவிடும். அதன்பின் மின்னேற்றினும் இளகுதல் அரிது. பிளாந்தேயும் தம் கலங்களுக்கு ஓய்வு கொடுத்தார். ஆனால் ஒவ்வோர் ஓய்வின் பின்னும் மறவாது நிரப்பினார். நாமோ வண்டியை மாதக்கணக்கில் நிறுத்திவிட்டுப் பற்றறியை நோகின்றோம். வாரத்துக்கு ஒருமுறையேனும் அரைமணி நேரத்துக்குக் குறையாது வண்டியை ஓட்டுதல் நலம். ஓட்ட இயலாதெனின் பற்றறியைக் கழற்றி அவ்வப்போது மின்னேற்றி வைத்தல் வேண்டும்.

மூடி திறக்கக்கூடிய பற்றறியில் நீர் தகடுகளுக்கு மேலே நிற்கின்றதா என மாதந்தோறும் பார்த்தல் வேண்டும். குறைந்தால் காய்ச்சிவடித்த நீரையே விடுக. நம் பகுதிக் கிணற்றுநீரில் உப்பும் இரும்பும் கலந்திருத்தலால் அது தகட்டுக்கு நஞ்சாகும். அமிலம் ஆவியாவதில்லை, நீரே குறைவது. ஆதலின் அமிலம் விடுதல் தவறு. கலங்களின் நிலையை நீர்மானியால் அறியலாம். தன்னீர்ப்பு 1.26க்கு அணித்தாயின் கலம் நிறைந்தது, 1.20 ஆயின் பாதி, 1.15க்குக் கீழாயின் வெறிது. கலத்துள் நேரும் மாற்றம் அமிலத்திலேயே எழுதப்படுதலால் இவ்வளவை பொய் சொல்லாது.

முடிவிடங்களில் வெண்மையும் பச்சையுமாகப் பூக்கும் படிவை அப்பச்சோடாக் கரைசலால் கழுவி, உலர்த்தி, வசலீன் பூசுதல் கடற்கரையூர்களில் இன்றியமையாதது. கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், பூட்டும்போது அதனை இறுதியிலும் தொடுக. மின்னேறும்போது எழும் ஐதரசன் வாயு நெருப்புப்பொறி பட்டால் வெடிக்குமாதலால் சுருட்டும் தீக்குச்சியும் அருகே ஆகா. வெப்பம் பற்றறியின் பெரும்பகை; குளிர்நாட்டில் ஐந்தாண்டு உழைப்பது நம் நாட்டில் இரண்டு மூன்று ஆண்டுகளில் ஓய்ந்துபோதல் இதனாலேயே.

வண்டிப் பற்றறியை இரவு முழுதும் வீட்டு விளக்குக்கும் படகு விளக்குக்கும் பயன்படுத்துவார் உளர். அதன் தகடுகள் மெல்லியவை. சில விநாடிப் பெருமின்னுக்காக ஆக்கப்பட்டவை. அடிமட்டம்வரை வெறிதாக்கினால் அவை சிலமுறையிலேயே கெட்டுப்போகும். அவ்வேலைக்குத் தடித்த தகடுள்ள பற்றறிகள் வேறுள. தூய ஈயத்தாற் பிளாந்தே முறையில் ஆக்கிய தடித்த தகட்டுக் கலங்கள் மின்னிலையங்களில் இருபதாண்டுக்கு மேலும் உழைத்தல் கண்கூடு.

மாற்றுதற்குரிய காலம் எது? காலையில் எஞ்சின் சோம்பிச் சுழன்றால் உடனே பற்றறியைக் குறைகூறுதல் கூடாது. முடிவிடங்கள் துப்புரவாயுள்ளனவா, பட்டி தளர்ந்துள்ளதா, எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரையான வோல்ற்று வருகின்றதா, நிறுத்திய வண்டியில் ஏதேனும் விளக்கு மின்னை உறிஞ்சுகின்றதா என்பவற்றை முதலிற் சோதிக்க. இவையாவும் செவ்வனே இருக்க, முழுதும் மின்னேற்றிய பற்றறி ஓரிரவிலேயே தளர்ந்தால், அல்லது எஞ்சினைச் சுழற்றுகையில் 9.6 வோல்ற்றுக்குக் கீழ் வீழ்ந்தால், அதன் காலம் முடிந்தது. ஆறு கலங்களுள் ஒன்றின் தன்னீர்ப்பு ஏனையவற்றினும் 0.05 அளவு தாழ்ந்து, மின்னேற்றியும் உயராவிடின் அக்கலம் இறந்ததாகக் கொள்க. ஐந்து நல்ல கலங்கள் இருந்தும் பயனில்லை. பெட்டி வீங்கினாலும் வெடித்தாலும், அழுகிய முட்டை நாற்றம் எழுந்தாலும் ஒருநாளேனும் தாமதித்தல் ஆகாது. சோதியாது எறிதல் வீண்செலவு. சோதித்தறிந்தும் வைத்திருத்தல் பேராபத்து. நோயாளியை ஏற்றிய பின்னர் அறியும் உண்மை காலங்கடந்த உண்மையாகும்.

கழித்த பற்றறியை விற்றவரிடமோ முறையாகச் சேகரிப்பவரிடமோ ஒப்படைத்தல் கடமை. வலைக்கு ஈயமணி வார்க்கலாமென்று அதனை உடைத்து அடுப்பில் உருக்குதல் கொடிய செயல். ஈயத்தூளும் புகையும் சிறுவரின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஈயம் உடலிற் சேர்தற்குத் தீங்கற்ற அளவென்று ஒன்றில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிபு. கொட்டிய அமிலமோ மண்ணையும் கிணற்றையும் களப்பையும் கெடுக்கும். பழைய ஈயமோ உருக்கிப் புதிய பற்றறியாக மீளவல்லது; அதனை வீணாக்குதல் எவ்வாற்றானும் பொருந்தாது.

மாணவர்க்கு ஒரு சொல்

இவற்றையெல்லாம் தமிழிற் சொல்லுதல் கூடுமோ என ஐயுற்ற காலமும் இருந்தது. நம் மட்டக்களப்பு நாட்டுக் காரைதீவிற் பிறந்து, விஞ்ஞானம் கற்று, விஞ்ஞானமே கற்பித்து, பின்னர்த் துறவியாகிய சுவாமி விபுலானந்தர் 1936ஆம் ஆண்டு சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அவர் போன்றோர் உழைப்பின் பயனை இன்று நாம் எடுத்தாளுகின்றோம்.

பிளாந்தே பெருஞ்செல்வம் ஈட்டிய வணிகரல்லர்; போர் வென்ற வீரருமல்லர். ஆய்வுகூடத்திற் பாத்திரங் கழுவியவர். தொழிலாளர்க்குப் பாடஞ் சொன்னவர். பிறர் மதியாத ஈயத்தை மாதக்கணக்கிற் பயிற்றி அதன் உள்ளாற்றலை வெளிக்கொணர்ந்தவர். வகுப்பிற் பின்வாங்கிலில் இருக்கும் மாணவனை ஆசிரியர் நோக்குதற்கும் இதில் ஒரு படிப்பினை உண்டு. மழமழப்பான தகடு முதல்நாளிற் கொள்வது சிறிதே. விடாது பயிற்றுவார்க்கு அது கொள்ளும் அளவு நாளுக்குநாள் பெருகும்.

மாங்கேணி முதலான ஊர்களிலிருந்து கல்விதேடி வரும் நம் மாணவர்கள் இச்சரிதத்தைப் படித்தபின் தம் இல்லத்து வண்டியின் முன்மூடியை ஒருமுறை திறந்து, முடிவிடங்களைத் துடைத்து, நீரின் அளவைப் பார்த்து, பற்றறியின் மேற் பொறித்த ஆக்கத் திகதியையுங் குறித்துக்கொள்வாராயின் இக்கட்டுரை தன் பயனை எய்தியதாக நாம் மகிழ்வோம்.